சைகோன் பாட்டியின் கண்ணும் காண்டாக்ட் லென்ஸின் விட்டமும்

சைகோன்வீட்டுப் பேத்தி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி) | வெள்ளி, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் குடும்பக் கதை சொல்லித்தான் என் கேள்விக்கு வர வேண்டியிருக்கிறது. என் தாத்தா பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனில் எழுத்தராக வேலை பார்த்தவர். அங்கேயே மணமுடித்து, 1954-க்குப் பிறகு பாட்டியோடு புதுச்சேரிக்குத் திரும்பினார். பாட்டி வியட்நாமியர். அவருடைய கண் என் அப்பாவுக்கு வரவில்லை. ஒரு தலைமுறையைத் தாண்டி எனக்கு வந்து சேர்ந்தது. மேலிமையில் மடிப்பு தெரியாது. மூக்கோரத்தில் ஒரு மெல்லிய தோல் மடிப்பு கண்முனையைச் சற்று மூடிக்கொண்டிருக்கும். பள்ளியில் இதற்காக எனக்குப் பட்டப்பெயர் இருந்தது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கிட்டப்பார்வை; இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.50, சிலிண்டர் பவர் (வளைவு திசைக்குத் திசை மாறும் கண்ணுக்கானது) இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் காண்டாக்ட் லென்ஸ் வாங்கினேன். பெட்டியில் பேஸ் கர்வ் (லென்ஸின் உள்பக்க வளைவின் ஆரம்) 8.6, விட்டம் 14.2 மி.மீ. என்று இருந்தது. காலையில் போடும்போது கண்ணில் லென்ஸ் இருப்பதே தெரியாது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மந்தமான வலி தொடங்கும். இரவு கழற்றப் போனால் எளிதில் வராது. கழற்றிய பின் பார்த்தால் வெள்ளை விழியில் வளையல் அழுந்தியதுபோல ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். வாங்கிய கடையில் சொன்னபோது, "உங்களுக்கு ஆசியக் கண், ஆசியக் கண்ணின் வளைவு அதிகம்" என்று விளக்கம் தந்து, விட்டத்தை மாற்றாமல் பேஸ் கர்வை மட்டும் 8.4 ஆக்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மதியத்துக்குள்ளேயே கண் சிவந்துவிடுகிறது.

என் சீட்டில் கெரட்டோமீட்டர் (கருவிழியின் வளைவை அளக்கும் கருவி) அளவு இரு கண்ணுக்கும் 43.25 என்று எழுதியிருக்கிறது. மூக்குக்கண்ணாடியில் "ஏஷியன் ஃபிட்" என்று ஒன்று விற்கிறார்களே, அதுபோல லென்ஸிலும் கிழக்காசியக் கண்ணுக்கென்று தனியாக உண்டா? உண்டென்றால் இங்கே எங்கு கிடைக்கும்?

கண்ணளவர் (புதுச்சேரி) | வெள்ளி, இரவு 10.35

சகோதரிக்கு வணக்கம். நான் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி, லென்ஸ் பொருத்துபவனாகப் பணிபுரிகிறேன். முதல் வேலையாக அந்த 8.4 லென்ஸை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சிவப்பு முழுதும் அடங்கும்வரை மூக்குக்கண்ணாடியே போதும். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இங்கே பதில் வரும் என்று காத்திராமல் நாளையே கண் மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன குறிகள் எல்லாம் லென்ஸ் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதைக் காட்டுகின்றன. தளர்ந்த லென்ஸ் போட்ட உடனேயே உறுத்தும், இமைக்கும்போதெல்லாம் நகரும், பார்வை வந்து வந்து போகும். இறுகிய லென்ஸோ காலையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மாலையில் குணத்தைக் காட்டும். இமைக்கும்போது லென்ஸ் சிறிதளவாவது அசைந்தால்தான் அதன் அடியில் கண்ணீர் புதுப்பிக்கப்படும். அசைவு நின்றுபோனால் விளிம்பு வெள்ளை விழியின் மேல் தோலில் பதிந்து, நீங்கள் பார்த்த வளையம் வரும். பேஸ் கர்வை 8.6-இலிருந்து 8.4-க்குக் குறைப்பது லென்ஸை இன்னும் குழிவாக்குவது. இறுகிய செருப்புக்கு ஒரு அளவு சிறிய செருப்பை மாற்றிக் கொடுத்ததற்கு ஒப்பான வேலை அது.

"ஏஷியன் ஃபிட்" என்பது மூக்குக்கண்ணாடிக்கான சொல். மூக்குத்தண்டு உயரம் குறைவானவர்களுக்குக் கண்ணாடி வழுக்கி இறங்காதபடி, மூக்கில் அமரும் திண்டுகளை உயர்த்திச் செய்வது அது. கருவிழிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஆனால் கிழக்காசியர்களின் கண் அளவுகளில் சராசரி வேறுபாடுகள் உண்டு என்பது உண்மை. ஐரோப்பிய வம்சாவளியினரோடு ஒப்பிட்டால் இமைகளுக்கு இடையிலான திறப்பு குறுகியது. இமை சற்று இறுக்கமானது. கருவிழியின் குறுக்கு விட்டம் சிறியது. மேலிமையில் மடிப்பு தெரியாததற்கும் உடற்கூற்றுக் காரணம் இருக்கிறது. கண்குழிக் கொழுப்பைத் தாங்கும் சவ்வு, இமையை உயர்த்தும் தசையின் நார்களோடு சேரும் இடம் தாழ்வாக இருக்கிறது, அதனால் அந்தக் கொழுப்பும் தாழ இறங்கி நிற்கிறது. கடையில் சொன்ன "வளைவு அதிகம்" என்பதற்கு உங்கள் சீட்டே மறுப்பு: 43.25 என்பது மிகச் சாதாரணமான வளைவு.

உங்கள் சீட்டில் இல்லாத அளவு கருவிழியின் விட்டம். அதை அளந்தார்களா?

தேங்காய்த்திட்டு வாசகர் | சனி, காலை 7.20

கண்ணளவர் ஐயா சொன்ன மருத்துவத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. அந்த "ஆசியக் கண்" என்ற சொல்தான் நெருடுகிறது. நான் சமூகவியல் படித்தவன். ஆகவே பழக்கதோஷத்தில் சொல்லைத்தான் முதலில் பிடித்து இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எழுதப்படும் ஆய்வில் "ஆசியர்" என்றால் பெரும்பாலும் சீனர், ஜப்பானியர், கொரியர். இங்கிலாந்தில் எழுதப்படும் ஆய்வில் அதே சொல் பெரும்பாலும் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவரைக் குறிக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறவர், ஒன்றில் "ஆசியரின் கருவிழி சிறியது" என்றும் மற்றொன்றில் வேறு ஒரு முடிவையும் கண்டு குழம்பிப் போவார். கடலூர் துறைமுகத்தில் வலை பின்னுகிறவரும் சியோலில் அலுவலகம் போகிறவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கும்போது, அந்தச் சொல்லை வைத்து லென்ஸ் கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

இன்னொன்று. சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது என்றுதான் நான் படித்தவரை புரிகிறது. ஒரே கூட்டத்துக்குள், ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு அதைவிடப் பெரியது. அப்படியிருக்க, முகத்தைப் பார்த்துக் கருவிழியின் அளவைச் சொல்வது கைரேகை பார்ப்பதிலிருந்து எவ்வளவு தூரம்?

கண்ணளவர் | சனி, பிற்பகல் 1.15

தேங்காய்த்திட்டு நண்பருக்கு: கருவிழியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. பெரியவர்களின் கருவிழி விட்டம் சுமார் 10 மில்லிமீட்டரிலிருந்து 13 வரைகூடப் போகும்; நடுவில் 11.8-ஐ ஒட்டிப் பெரும்பான்மை. எந்த இனக்குழுவை எடுத்தாலும் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி அவர்களுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

இமையைப் பற்றி மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். இமை கண்ணுக்குத் தெரிகிற உறுப்பு. அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது இனத்தை ஊகிப்பது ஆகாது. அது லென்ஸின் மேல் வேலை செய்கிறது. சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குத் தரும் டாரிக் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது கண்ணில் சுழலாமல் ஒரே நிலையில் நின்றால்தான் பார்வை தெளிவாக இருக்கும். அதை நிறுத்துவதற்கு ஒரு வகையில் லென்ஸின் கீழ்ப்பகுதியைத் தடிப்பாக்குகிறார்கள். இன்னொரு வகையில் மேலும் கீழும் மெல்லியதாக்கி, பக்கங்களைத் தடிப்பாக விட்டு, இமைகள் இரண்டும் அழுத்திப் பிடிக்கும்படி செய்கிறார்கள். இரண்டிலுமே வேலை செய்வது இமைதான். கண்ணின் வெளிமுனை உள்முனையைவிட உயர்ந்து சாய்ந்திருந்தாலோ, திறப்பு குறுகி இமை இறுகியிருந்தாலோ, ஒருவருக்கு நேராக நிற்கும் லென்ஸ் மற்றவருக்கு 10 பாகை திரும்பி நிற்கும். திரும்பிய அளவைப் பார்த்து அச்சை (சிலிண்டர் பவர் நிற்கும் கோணத்தை) கூட்டியோ குறைத்தோ எழுதிக்கொடுப்பது எங்கள் அன்றாட வேலை.

கெட்டி லென்ஸிலும் இதே கதை. மேலிமை கருவிழியின் மேல் ஓரத்தை மூடியிருப்பவருக்கு லென்ஸின் மேல் விளிம்பை மேலிமைக்குள் செருகி நிற்கும்படி பொருத்தலாம். குறுகிய, இறுகிய இமை உள்ளவருக்கு அதே லென்ஸைப் போட்டால் இமை அதைக் கீழே தள்ளிவிடக்கூடும். அங்கே விட்டத்தைக் குறைத்து, இரண்டு இமைக்கும் நடுவிலேயே நிற்கும்படி செய்ய வேண்டியிருக்கும்.

சகோதரி, உங்களுக்குச் சிலிண்டர் இல்லாததால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. விட்டத்தை அளந்து சொல்லுங்கள். மில்லிமீட்டர் அளவுகோலை நெற்றியில் சாய்த்து, மற்றொருவர் கைபேசியில் நேராக நெருங்கிப் படம் எடுத்தால் ஓரளவுக்குக் கிடைக்கும். கருப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் கோடு மங்கலானது என்பதால் இரண்டு மூன்று முறை அளக்க வேண்டும். மேலும் கீழும் இமை மறைத்துவிடும். குறுக்காக மட்டும் அளந்தால் போதும். கிளினிக்கில் டோப்போகிராஃபி கருவி (கருவிழியின் வடிவத்தை வரைபடமாக்குவது) இருந்தால் அதில் சரியாகவே வரும்.

மஞ்சக்குப்பம் கணக்கு (கடலூர்) | சனி, மாலை 6.05

ஓய்வு பெற்ற கணித ஆசிரியன் நான். லென்ஸ் போட்டதில்லை, ஆனாலும் 8.6, 14.2 என்ற எண்களைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. இது பத்தாம் வகுப்பு வட்டக் கணக்குதானே.

ஒரு வளைந்த கிண்ணத்தின் வளைவு ஆரமும் வாய் விட்டமும் தெரிந்தால் அதன் ஆழத்தைக் கணக்கிடலாம். ஆரத்தின் வர்க்கத்திலிருந்து பாதி விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, அதை ஆரத்திலிருந்து கழித்தால் ஆழம். 8.6 ஆரமும் 14.2 விட்டமும் உள்ள லென்ஸுக்கு இது 3.75 மி.மீ. வருகிறது. கடைக்காரர் மாற்றிக்கொடுத்த 8.4, 14.2 லென்ஸுக்கு 3.91. கண்ணளவர் சொன்ன செருப்பு உவமை கணக்கிலும் நிற்கிறது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 8.4 ஆரமும் 14.0 விட்டமும் உள்ள லென்ஸுக்கு ஆழம் 3.76. அதாவது 8.6, 14.2 லென்ஸுக்கும் இதற்கும் ஆழத்தில் வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். விட்டத்தில் ஒரு 0.2 செய்யும் வேலையை வளைவில் ஒரு 0.2 ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே பெட்டியில் உள்ள பேஸ் கர்வை மட்டும் படித்துவிட்டு "இது குழிவு, இது தட்டை" என்று சொல்வது பாதிக் கணக்கு.

கண்ணுக்கும் இதையே போட்டுப் பார்த்தேன். கெரட்டோமீட்டர் எண்ணால் 337.5-ஐ வகுத்தால் ஆரம் கிடைக்கும், 43.25-க்கு 7.8 மி.மீ. இந்த ஆரத்தோடு விட்டம் 11.8 ஆக உள்ள கருவிழியின் ஆழம் 2.70. அதே ஆரம், விட்டம் 11.2 என்றால் ஆழம் 2.37. கெரட்டோமீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும்; ஆழத்திலோ 0.33 மி.மீ. இடைவெளி. மாறாக, விட்டத்தை 11.8-லேயே வைத்து ஆரத்தை 7.8-இலிருந்து 7.6-க்கு மாற்றினால், அதாவது கெரட்டோமீட்டரில் ஒரு பவருக்கு மேல் கூடினால், ஆழம் 0.11 மட்டுமே கூடுகிறது. எல்லோரும் எழுதிவைக்கும் எண்ணைவிட எவரும் எழுதாத எண் மூன்று மடங்கு பேசுகிறது.

கருவிழி சரியான கோளம் அல்ல, ஓரத்தில் தட்டையாகும் என்பதும், லென்ஸ் வெள்ளை விழியின் மேலும் படிகிறது என்பதும் எனக்குத் தெரியும். கணக்கை ஒப்பீட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணளவர் | சனி, இரவு 9.50

ஐயா, உங்களை எங்கள் வகுப்புக்கு அழைத்துவந்திருக்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த கிரேம் யங் என்ற லென்ஸ் ஆய்வாளர் 1992-இல் இதைத்தான் கட்டுரையாக எழுதினார்: மென் லென்ஸ் பொருந்துவதைத் தீர்மானிப்பது கெரட்டோமீட்டர் காட்டும் நடு வளைவு மட்டுமன்று, கண்ணின் மொத்த ஆழம், அந்த ஆழத்தில் கருவிழி விட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கெரட்டோமீட்டர் அளப்பது கருவிழியின் நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள பகுதியை. அது கெட்டி லென்ஸ் காலத்தின் பழக்கம். மென் லென்ஸ் வந்தபிறகும் கையை விட்டுப் போகவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேஸ் கர்வ் ஒரு நிறுவனத்துக்கும் மற்றொன்றுக்கும் அப்படியே ஒப்பிடத் தக்கதன்று. உள்பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வளைவுகள் இருக்கலாம். பொருளின் விறைப்பும் வேறுபடும். கண்ணின் வெப்பத்தில் லென்ஸ் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஆகவே கணக்கு எந்த ட்ரையல் (சோதனை) லென்ஸை முதலில் எடுப்பது என்று காட்டும். போட்டு இருபது நிமிடம் கழித்து ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் முடிவு சொல்லும்.

சைகோன்வீட்டுப் பேத்தி | ஞாயிறு, காலை 11.30

தம்பியைப் படம் எடுக்கச் சொல்லி நான்கு முறை அளந்தோம். வலக்கண் 11.2, இடக்கண் 11.2 அல்லது 11.3. கணக்கு ஐயா எடுத்துக்காட்டுக்குப் போட்ட எண்ணே வந்து நின்றதில் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

ஆர்வத்தில் தம்பிக்கும் அளந்தேன். அவன் அம்மாவைப் போல. அகன்ற கண், தெளிவான இமை மடிப்பு. பாட்டியின் சாயல் கொஞ்சமும் இல்லை. அவனுக்கு 11.3.

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்) | ஞாயிறு, பிற்பகல் 3.40

இழையைப் படித்துவிட்டு நானும் அளந்து பார்த்தேன்: 11.1. எங்கள் குடும்பத்தில் எவரும் கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் லென்ஸ் போட்டு, இந்தப் பெண் எழுதியிருக்கும் அதே மாலை வலியும் சிவப்பு வளையமும் வந்து, "உங்கள் கண்ணுக்கு லென்ஸ் ஒத்துக்கொள்ளாது, வறண்ட கண்" என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். கடற்காற்று, உப்பு, துறைமுகத் தூசி என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். நானும் நம்பினேன். சொட்டு மருந்து வாங்கியே ஒரு தொகை போனது. என் முகத்தில் கேள்வி எழுப்பும்படி எதுவும் இல்லாததால், ஆசியக் கண் என்ற தவறான விளக்கம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

என் கேள்வி இதுதான்: விட்டம் இவ்வளவு முக்கியம் என்றால், சட்டைக்கு 38, 40, 42 என்று இருப்பதுபோல லென்ஸுக்கும் மூன்று நான்கு விட்டங்கள் வைத்து விற்க என்ன தடை?

மஞ்சக்குப்பம் கணக்கு | ஞாயிறு, மாலை 5.25

தடையும் கணக்குதான் என்று நினைக்கிறேன். மைனஸ் 0.50-இலிருந்து 6.00 வரை கால் பவர் இடைவெளியில் 23 லென்ஸ்கள். 6.50-இலிருந்து 12.00 வரை அரை பவர் இடைவெளியில் 12. கூடுதல் 35. இரண்டு பேஸ் கர்வ் வைத்தால் 70. மூன்று விட்டமும் சேர்த்தால் 210. இது கிட்டப்பார்வைக்கு மட்டும். டாரிக் என்றால் நான்கு சிலிண்டர் அளவு, பத்துப் பாகைக்கு ஒன்றாக 18 அச்சு. ஒரே வளைவு, ஒரே விட்டத்துக்கே 35-ஐ 72-ஆல் பெருக்க வேண்டும்: 2,520 பெட்டிகள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை இதை எங்கே அடுக்கும்?

கண்ணளவர் | ஞாயிறு, இரவு 8.40

கணக்கு ஐயா சொன்னதே வணிகக் காரணம். வரலாறும் கொஞ்சம் இருக்கிறது. மென் லென்ஸை உருவாக்கிய செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டிலேயே, குழந்தைகளின் இணைப்பு விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு ஒரு சுழலும் இயந்திரம் செய்து முதல் லென்ஸ்களை வார்த்தார். 1971-இல் அமெரிக்காவில் மென் லென்ஸுக்கு அனுமதி கிடைத்தது. 1980-களின் பிற்பகுதியில் போட்டுவிட்டு எறியும் லென்ஸ்கள் சந்தைக்கு வந்தபோது கோடிக்கணக்கில் அச்சில் வார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி அச்சு வைப்பதைவிட, பெரும்பாலோருக்கு ஏறக்குறையப் பொருந்தும் ஒரே அளவில் நிற்பது மலிவு. அந்த ஒரே அளவு 14.0-க்கும் 14.5-க்கும் இடையில் நிலைத்துவிட்டது. நடுவில் இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே பொருந்துகிறது, 11.1-உம் 12.6-உம் உள்ளவர்கள்தான் ஓரத்தில் விழுகிறார்கள். நீங்கள் கடலூரில் இருந்துகொண்டு விழுந்த ஓரமும், சகோதரி சைகோன் வழியாக வந்து விழுந்த ஓரமும் ஒன்றே.

ஆனாலும் சந்தையில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அக்யூவ்யூ ஒயாசிஸ் என்ற இரண்டு வார மாற்று லென்ஸ் 14.0 விட்டத்தில் 8.4, 8.8 என இரு வளைவுகளில் வருகிறது. ஏர் ஆப்டிக்ஸ் நைட் அண்ட் டே 13.8 விட்டத்தில் 8.4, 8.6 என வருகிறது. இதைத் தாண்டியும் வேண்டுமென்றால் அளவுக்குச் செய்து தரும் லென்ஸ்கள் உண்டு. விலை கூடும், சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

கெடிலக்கரை அண்ணன் மீண்டும் ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்கு வறட்சியும் சேர்ந்தே இருக்கலாம். அதை அளக்கத் தனிச் சோதனைகள் இருக்கின்றன. லென்ஸ் இல்லாதபோதும் மாலையில் எரிகிறதா என்று மட்டும் முதலில் கவனியுங்கள்.

மஞ்சக்குப்பம் கணக்கு | ஞாயிறு, இரவு 9.15

8.8, 14.0 லென்ஸுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆழம் 3.47. 8.6, 13.8-க்கும் போட்டேன்: அதுவும் 3.47. பேத்தி முதலில் போட்ட லென்ஸைவிட 0.28 குறைவு. கண்ணின் ஆழக் குறைவு 0.33 என்று நேற்றுப் பார்த்தோம்.

வில்லியனூர் அம்மா | திங்கள், காலை 6.30

இனம், கண் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். கிழக்காசியரின் இமையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம். நம்மவர்களுக்கென்று உள்ள ஒன்று விட்டுப்போகிறது. என் மகனுக்குப் பதினேழு வயதில் கெரட்டோகோனஸ் என்று கண்டுபிடித்தார்கள். கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் கைபேசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். இங்கிலாந்தில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், ஒன்று 2000-இல், மற்றொன்று 2004-இல், அங்கே வாழும் தெற்காசியக் குடும்பத்தினரிடம் இந்நோய் வெள்ளையரிடம் காண்பதைவிட நான்கு மடங்குக்கு மேலும் ஏழு மடங்குக்கு மேலும் புதிதாகக் கண்டறியப்படுவதாகச் சொன்னதை மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். கண்ணைக் கசக்கும் பழக்கம் இதைக் கூட்டும் என்றும் சொன்னார். என் மகன் சிறு வயதிலிருந்தே அரிப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான்.

அவனுக்குச் சாதாரண மென் லென்ஸ் எதுவும் பயன்படவில்லை. கருவிழியைத் தொடாமல் வளைவாகத் தாண்டி வெள்ளை விழியில் போய் அமரும் பெரிய ஸ்கிளெரல் லென்ஸ் போட்டபிறகுதான் கரும்பலகை தெரிந்தது. பிள்ளைகளின் சிலிண்டர் பவர் அடிக்கடி மாறினால் ஒரு முறை கருவிழி டோப்போகிராஃபி எடுத்துவிடுங்கள்.

தேங்காய்த்திட்டு வாசகர் | திங்கள், காலை 8.05

அம்மா சொன்ன செய்திக்கு நன்றி. இனக்குழுவை எழுதிவைப்பதால் பயன் உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. என் முதல் பதிவில் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். எதைத் தேட வேண்டும் என்று அது மருத்துவருக்கு நினைவூட்டுகிறது. கடையில் நடந்தது வேறு: தேடாமலேயே விடையை எழுதிவிட்டார்கள். இதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

வில்லியனூர் அம்மா | திங்கள், காலை 8.40

கோபத்தோடு கல்யாண வீட்டுக் கலர் லென்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழகுநிலையத்திலேயே மணப்பெண்ணுக்கு ஒரே அளவு லென்ஸைப் போட்டுவிடுகிறார்கள். வளைவும் இல்லை, விட்டமும் இல்லை.

கண்ணளவர் | திங்கள், இரவு 10.10

கண்ணைப் பெரிதாகக் காட்டும் வளைய லென்ஸ்களும் அதே வகைதான். கருவிழியின் ஓரத்தைத் தாண்டி நிறம் அச்சிட்டு, 14.5-உம் அதற்கு மேலும் விட்டம் வைத்து இணையத்தில் விற்கிறார்கள். சிறிய கண்ணைப் பெரிதாக்க நினைப்பவரே அதை வாங்குகிறார். சிறிய கருவிழிக்கே அது அதிகம் இறுகும். கடன் வாங்கிய லென்ஸை எவரும் போடக் கூடாது. எந்த லென்ஸானாலும் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைப் புண்ணாக்கினால் மாதக்கணக்கில் மருந்து போட வேண்டியிருக்கும்.

சைகோன்வீட்டுப் பேத்தி | அடுத்த ஞாயிறு, மாலை 7.00

வேறொரு இடத்தில், ட்ரையல் லென்ஸ் வைத்திருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவரிடம் வியாழக்கிழமை போனேன். கருவியில் விட்டம் இரு கண்ணுக்கும் 11.2. என் கைபேசிப் படங்களைக் காட்டியபோது அவர் கேலி செய்யவில்லை. 8.8, 14.0 போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார். ஸ்லிட் லேம்பில் பார்த்தபடியே கீழிமையால் லென்ஸை மேலே தள்ளி விட்டார். அது தானாக இறங்கி வந்தது. பழைய லென்ஸ் அப்படித் தள்ளினால் நகரவே இல்லையாம்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் எட்டு மணி நேரம் போட்டேன். சிவப்பு வளையம் இல்லை. நேற்று மாலை கடற்கரைச் சாலையில் காற்றில் நடந்தபோது வலக்கண் கொஞ்சம் உலர்ந்தது; அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

போடுவது மட்டும் இன்னும் போராட்டம்தான். திறப்பு குறுகியதால் லென்ஸின் ஓரம் இமை மயிரில் பட்டு மடங்கிவிடுகிறது. இதற்கு அவர் ஒரு வழி சொன்னார்: கண்ணாடியை மேசையில் படுக்கவைத்து, குனிந்து கீழே பார்த்தபடி, மேலிமையை மயிர் முளைக்கும் விளிம்பிலேயே பிடித்து உயர்த்த வேண்டும், புருவத்தை இழுக்கக் கூடாது. நேற்று இரண்டாவது முயற்சியிலேயே உள்ளே போய்விட்டது. இன்று ஐந்து முயற்சி.

கெடிலக்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 8.20

தங்கச்சி, விரல் ஈரமாக இருந்தால் லென்ஸ் விரலை விட்டு வராது. விரலை நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள். நான் ஒரு ஆண்டு போட்டவன், அந்த அனுபவம் மட்டும் மிச்சம் இருக்கிறது. புதன்கிழமை எனக்கும் ட்ரையல் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், 13.8 இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டேன், வரவழைத்து வைப்பதாகச் சொன்னார்கள்.